சும்மா தமாஷுக்குச் சொன்னேன்!

ஒரு சின்ன விளையாட்டு ஆடலாமா? நான் சில வார்த்தைகள் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் உங்கள் மனசில் முதலில் என்ன தோன்றுகிறதோ, அதை உள்ளுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளுங்கள். யோசிக்கக் கூடாது. அழகுபடுத்தக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, பயப்படாதீர்கள்.

மாமியார்.

திக்குவாய்.

ரொம்பக் கறுப்பான மாப்பிள்ளை.

குண்டான பெண் டான்ஸ் ஆடுகிறாள்.

வந்துவிட்டதா? பெரும்பாலும் நாலுக்கும் நாலு ஜோக் வந்து வாசலில் நின்றிருக்கும். நீங்கள் கூப்பிடவில்லை. தானாக வந்தது. சினிமாவிலோ, காலேஜ் ஹாஸ்டலிலோ, கல்யாண வீட்டுத் திண்ணையிலோ எப்போதோ காதில் விழுந்தது. இப்படித் தானாக வந்து விழுகிற சொல்லுக்கு யார் பொறுப்பு? சொன்னவரா, அவருக்குச் சொல்லிக் கொடுத்த ஊரா, கேட்டுச் சிரித்தவரா? இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

இதைப் புரிந்துகொள்ள நல்ல பள்ளிக்கூடம், டி.வி.யில் வரும் காமெடி விளையாட்டு நிகழ்ச்சிகள்தான். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

விஜய் டி.வி.யில் 2009-ல் ஆரம்பித்த 'அது இது எது' ஞாபகம் இருக்கும். சிவகார்த்திகேயன் சினிமாவில் ஹீரோ ஆவதற்கு முன்னால் தொகுத்து வழங்கியது. பிறகு மா.கா.பா. ஆனந்த் வந்தார். அதில் மூன்று சுற்றுகள். 'குரூப்ல டூப்பு' சுற்றில், வந்து நிற்பவர்களில் யார் அசல், யார் போலி என்று கண்டுபிடிக்க வேண்டும். 'சிரிச்சா போச்சு' சுற்றில், நகைச்சுவைக் கலைஞர்கள் வேஷம் கட்டிக்கொண்டு வந்து, எதிரே நின்று என்னென்னவோ சேட்டை செய்வார்கள். விருந்தினர் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்காமல் இருக்க வேண்டும். சிரித்தால் அவுட். 'மாத்தி யோசி' சுற்றில், கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லக் கூடாது. சம்பந்தமே இல்லாத ஒன்றை டக்கென்று சொல்ல வேண்டும்.

பார்க்கும்போது இந்தக் கடைசிச் சுற்று ரொம்ப சுலபமாகத் தெரியும். தப்பாகப் பதில் சொல்வதில் என்ன கஷ்டம்? நாமெல்லாம் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோமே! வீட்டில் ஆடிப் பாருங்கள். "உங்க ஊர் எது?" என்று வேகமாகக் கேட்டால், வாய் தன் பாட்டுக்கு ஊர் பெயரைச் சொல்லிவிடும். மனசு என்பது பழக்கப்பட்ட மாட்டு வண்டி மாதிரி. கயிற்றை விட்டால் நேராகத் தெரிந்த தடத்தில்தான் போகும். புதுத் தடத்தில் திருப்புவதற்குத்தான் பாடுபட வேண்டும்.

இந்த வகை நிகழ்ச்சிகளுக்கு வெளிநாட்டில் ஒரு பெரியண்ணன் உண்டு. 'ஹூஸ் லைன் இஸ் இட் எனிவே?' 1988-ல் பி.பி.சி. ரேடியோவில் ஆரம்பித்து, அதே வருஷம் பிரிட்டனின் சேனல் 4 டி.வி.க்குத் தாவியது. 1998-ல் அமெரிக்காவுக்கும் போனது. எழுதி வைத்த வசனம் கிடையாது. பார்வையாளர்கள் ஓர் இடத்தையோ ஒரு தொழிலையோ கத்திச் சொல்வார்கள். நாலு கலைஞர்கள் அதை வைத்து அந்த நிமிஷமே ஒரு காட்சியை நடத்திக் காட்ட வேண்டும். நடத்துபவர் இஷ்டத்துக்கு மார்க் போடுவார். அந்த மார்க்குக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று அமெரிக்க நிகழ்ச்சியில் அவரே சொல்லிவிடுவார்.

பார்க்கிற நமக்கு ஆச்சரியமாக இருக்கும். எப்படி இவ்வளவு வேகமாக வருகிறது? பிறவி மேதைகளோ? மேதைமை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் திரைக்குப் பின்னால் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, பயிற்சி. அமெரிக்காவின் வயோலா ஸ்போலின் 1963-லும், பிரிட்டனின் கீத் ஜான்ஸ்டன் 1979-லும் இந்தக் கலைக்குப் பாடப் புத்தகங்களே எழுதினார்கள். ஜான்ஸ்டன் வலியுறுத்திய அரிச்சுவடி: கூட நடிப்பவர் நீட்டுவதைத் தட்டிவிடாதே. வாங்கிக்கொள், அதன் மேல் கட்டு. ஒருவர் ஓடி வந்து, "டாக்டர், என் தலையில வாழைமரம் முளைச்சிடுச்சு!" என்கிறார். "நான் டாக்டரும் இல்லை, அது வாழைமரமும் இல்லை" என்று நீங்கள் சொன்னால் காட்சி அங்கேயே செத்தது. "அப்படியா, தார் போட்டுடுச்சா?" என்று கேட்டால் உயிர் பிழைத்தது. எதிரில் நிற்பவரைக் கவிழ்த்துவிட்டு நான் மட்டும் கைத்தட்டல் வாங்கலாம் என்று நினைப்பவர் இந்த ஆட்டத்தில் ரொம்ப நாள் தாங்க மாட்டார். இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறும்வரை திரும்பத் திரும்ப ஆடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் 'யோசிக்காமல்' பேசுகிறார்கள்.

இரண்டாவது, கத்திரி. நிறைய நேரம் படம் பிடித்து, சொதப்பியதையெல்லாம் வெட்டிவிட்டு, பிரமாதமாக வந்ததை மட்டும் நமக்குக் காட்டுகிறார்கள். வெட்டியது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 'டக்குனு தோணினதைச் சொன்னா போதும், எல்லாரும் சிரிப்பாங்க' என்று நாம் கற்றுக்கொண்டு எழுந்து போகிறோம்.

நம் ஊருக்கும் இது புதுசில்லை. காளமேகப் புலவர் திருமலைராயன் சபையில் 'எமகண்டம்' பாடிய கதையைக் கேட்டிருப்பீர்கள். கீழே கொப்பரையில் எண்ணெய் கொதிக்கிறது. மேலே உறியில் புலவர். உடம்பைச் சுற்றிக் கத்திகள். யார் எதைக் கேட்டாலும் உடனே பாட்டாகச் சொல்ல வேண்டும். தடுமாறினால் போச்சு. அந்தப் போட்டியில் மார்க்குக்கு நிச்சயமாக மதிப்பு இருந்தது! கதையை விடுங்கள், நடந்ததைச் சொல்கிறேன். 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்து விடை சொல்லும் வித்தை அது. மேடையில் பதில் நொடியில் வந்தது. அந்த நொடிக்குப் பின்னால் பல வருஷப் படிப்பு இருந்தது.

ஆக, 'தானாக வந்தது' என்று ஒன்று கிடையாது. உள்ளே இருந்ததுதான் வெளியே வந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். யாரையாவது கிண்டலாக ஒரு வார்த்தை சொல்லி, அவர் முகம் வாடிவிட்டால், நாம் என்ன சொல்கிறோம்? "ஐயோ, யோசிச்சு சொல்லலை. சும்மா தமாஷுக்குச் சொன்னேன்." இதில் இரண்டு சாக்குகள் இருக்கின்றன. ஒன்று, யோசிக்கவில்லை. இன்னொன்று, விளையாட்டு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

முதல் சாக்குக்கு உங்களைக் கடலூர் மாவட்டத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயில் ஞாபகம் வரும், ரயில் ஜங்ஷன் ஞாபகம் வரும். பீங்கானுக்கும் அது பெயர் பெற்ற ஊர். தொழிற்பேட்டை இருக்கிறது. அந்தத் தொழிலைச் சொல்லித்தர அரசு நிறுவனம் இருக்கிறது. வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்கும் ஃபியூஸ் கேரியர், கார்த்திகைக்கு ஏற்றும் அகல் விளக்கு, ஷோகேஸ் பொம்மை என்று பலதும் அங்கே சூளையிலிருந்து வந்திருக்கின்றன.

அங்கே ஒரு பெரியவரைச் சந்தித்தேன். சின்ன வயசிலிருந்து பொம்மை வார்க்கும் வேலை. டீக்கடைக்காரர் அவரை "கீறல் அண்ணே" என்று கூப்பிட்டார். தொழில் சம்பந்தமான பட்டப்பெயர் போலிருக்கிறது என்று நினைத்து, என்ன கதை என்று கேட்டேன். மீசையைத் தள்ளி மேல் உதட்டைக் காட்டினார். பிறவியிலேயே பிளந்த உதடு.

"பதினாறு வயசுல வேலைக்குச் சேர்ந்தேன் சார். முத நாளு. அச்சுலேர்ந்து எடுத்த பொம்மையை அடுக்கிட்டிருந்தாங்க. ஒருத்தரு என்னைப் பார்த்துட்டு, 'என்னப்பா, கீறல் விழுந்த பீஸையெல்லாம் உள்ள விட்டுட்டாங்க'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னைலேர்ந்து அதான் பேரு. பையன் கல்யாணப் பத்திரிகையில என் பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குறி போட்டு அதையும் அச்சடிக்க வேண்டியதாப் போச்சு. இல்லாட்டி யாருன்னு தெரியாதுன்னுட்டாங்க."

"சொன்னவர் மோசமான ஆளா?"

"சேச்சே! தங்கமான மனுஷன் சார். என் கல்யாணத்துக்குப் பணம் புரட்டிக் குடுத்ததே அவருதான். அவருக்கு அப்படிச் சொன்னதே ஞாபகம் இருந்திருக்காது. அவரு போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. பேரு மட்டும் இருக்கு."

தங்கமான மனுஷன். அதுதான் என்னை யோசிக்க வைத்தது. கெட்டவர் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. நல்லவர் வாயிலிருந்து ஏன் அது வந்தது?

பதில் அந்தப் பெரியவரின் வேலையிலேயே இருந்தது. பொம்மை வார்ப்பது எப்படி என்று விளக்கினார். களிமண்ணைக் கரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் மண் சுவர் போலப் படியும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, கொஞ்சம் இறுகியதும் அச்சைப் பிரித்தால் பிள்ளையாரோ கிளியோ வெளியே வரும். ஊற்றுவதற்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். என்ன பொம்மை வரும் என்பது ஊற்றும்போது முடிவாவதில்லை. அச்சு செய்த அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அந்தத் தங்கமான மனுஷர் வார்த்தையைக் கொட்டியது ஒரு நொடியில். அச்சு, பல வருஷம் முன்பே அவருக்குள் இருந்தது. உதடு பிளந்தவர், திக்குபவர், கறுப்பானவர், குண்டானவர், பெண் வேஷம் கட்டிய ஆண், எல்லாரும் சிரிப்பதற்கு என்று சினிமாவும் ஊரும் செய்து கொடுத்த அச்சு. அவர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. அந்த அச்சைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாலே போதும்.

இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அரிஸ்டாட்டில் இதைத் தைரியத்தை வைத்துச் சொன்னார். முன்கூட்டியே தெரிந்த ஆபத்தில் கலங்காமல் நிற்பதைவிட, திடீரென்று வந்த ஆபத்தில் கலங்காமல் நிற்பதுதான் பெரிய தைரியம் என்றார். தெரிந்த ஆபத்துக்கு யோசித்துத் தயாராக முடியும். திடீர் ஆபத்தில் குணம் மட்டும்தான் வேலை செய்யும். அதையே நம் விஷயத்துக்குப் போட்டுப் பாருங்கள். 'யோசிக்காமல் சொன்னேன்' என்பது நாம் நினைப்பதுபோலத் தப்பிக்கும் வழி இல்லை. யோசிக்காமல் வந்ததில்தான் நாம் அதிகமாகத் தெரிகிறோம்.

"அதெப்படி சார்? அச்சை நானா செய்தேன்? ஊர் செய்தது, சினிமா செய்தது" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். முதலில் தோன்றிய நினைப்புக்காக யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் அந்தப் பெரியவர் இன்னொன்றும் சொன்னார். பிளாஸ்டர் அச்சு ரொம்ப நாள் உழைக்காதாம். வார்க்க வார்க்கத் தேயும். மூக்கும் கண்ணும் மழுங்கிப்போகும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது அச்சு செய்தாக வேண்டும். பொம்மைத் தொழிலில் செய்வதை நாம் ஏன் செய்வதில்லை? தாத்தா காலத்து மாமியார் ஜோக்கையே இன்னும் வார்த்துக்கொண்டிருக்கிறோம். அச்சு நாம் செய்ததாக இல்லாமல் இருக்கலாம். அதிலேயே ஊற்றிக்கொண்டிருப்பது நாம்தானே?

சரி, இரண்டாவது சாக்கு. 'விளையாட்டுதானே!'

இதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. கேலி இல்லாத நட்பு என்ன நட்பு? மாமன் மச்சான் கிண்டல் இல்லாத கல்யாணம் என்ன கல்யாணம்? ஒவ்வொரு சொல்லையும் தராசில் நிறுத்துப் பேச ஆரம்பித்தால் மனிதர்கள் கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோலத்தான் பேசிக்கொள்ள வேண்டும். அரிஸ்டாட்டிலும் சிரிப்புக்கு எதிரி இல்லை. எதை வேண்டுமானாலும் கிண்டல் செய்யும் கோமாளிக்கும், எதற்குமே சிரிக்காத உம்மணாமூஞ்சிக்கும் நடுவில் இருப்பவரே பண்பானவர் என்றார். நம் வள்ளுவர் 'பண்புடைமை' அதிகாரத்தில், விளையாட்டுக்குக்கூட ஒருவரை இகழ்ந்தால் அது துன்பம் தரும் என்கிறார்.

அப்படியானால் எது கேலி, எது இகழ்ச்சி? கோடு எங்கே?

அதையும் அந்தப் பெரியவரே காட்டிக் கொடுத்தார். பேரனோடு உட்கார்ந்து இந்த காமெடி நிகழ்ச்சிகளை ரசித்துப் பார்ப்பவர் அவர். "உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?" என்று கேட்டேன்.

"அவங்க ஒருத்தரை ஒருத்தர் ஓட்டிக்கிறாங்க சார். இவன் ஒண்ணு சொன்னா அவன் ரெண்டு சொல்றான். அது வெளையாட்டு. என்கிட்ட யாரும் மைக்கைக் குடுக்கலியே."

இதைவிடத் தெளிவாக எந்தத் தத்துவ நூலும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். விளையாட்டு என்றால் எதிராளியும் ஆட வேண்டும். அவர் கையிலும் பந்து வர வேண்டும். முதல் நாள் வேலைக்கு வந்த பதினாறு வயசுப் பையன், பழைய ஆளுக்குப் பதில் கிண்டல் செய்ய முடியுமா? புது மருமகள் மாமனாரை? டைப்பிஸ்ட் மேனேஜரை? அவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பையனும்தான் சிரித்தான். அது ரசித்த சிரிப்பா, வேறு வழியில்லாத சிரிப்பா என்று நாம் கேட்டுக்கொள்வதே இல்லை.

விருத்தாசலம் பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குக் கட்டியக்காரனைத் தெரியும். அவன் பேச்சில் பாதி அந்த ராத்திரி, அந்த மேடையில் பிறப்பது. துரியோதன மகாராஜாவையே வம்புக்கு இழுப்பான். பஞ்சாயத்துத் தலைவரையும் நைஸாக ஒரு குத்து குத்துவான். தலையில் கிரீடம் வைத்தவரை அவன் சீண்டும்போது ஊரே சிரிக்கும். கிரீடத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. கிரீடத்துக்கு வாய் இருக்கிறது, கதாயுதமும் இருக்கிறது! அதே ஜோக்கைக் கடைசி வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவர் மேல் எறிந்தால், அது வேறு சமாசாரம்.

இன்னொரு ஆளை நாம் மறந்துவிட்டோம். ஃபிராய்டு 1905-ல் ஜோக்குகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஒருவரைத் தாக்குகிற ஜோக்குக்கு மூன்று பேர் வேண்டும் என்கிறார் அதில். சொல்பவர், அடி வாங்குபவர், கேட்டுச் சிரிப்பவர். மூன்றாவது ஆள் இல்லாவிட்டால் அது ஜோக்கே இல்லை, வெறும் வசவு. அந்தத் தொழிற்கூடத்தில் 'கீறல்' என்ற பெயரை வைத்தது யார்? சொன்னது ஒருவர். சிரித்துக் கையெழுத்துப் போட்டது அத்தனை பேரும். டி.வி.யில் நடத்துபவர் போடும் மார்க்குக்கு மதிப்பில்லாமல் இருக்கலாம். பார்வையாளர்களின் சிரிப்புதான் நிஜமான மார்க். அது எங்கே விழுகிறதோ, அந்தப் பக்கம்தான் அடுத்த ஜோக்கும் போகும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் நாம் தப்பாகப் பேசத்தான் போகிறோம். நாம் யாரும் புத்தர் இல்லை. டி.வி.க்காரர்களுக்கு இருக்கும் கத்திரியும் நம்மிடம் இல்லை. சொன்னது சொன்னதுதான். ஆனால் பீங்கான் தொழிலில் ஒரு சலுகை உண்டு. வார்த்த பொம்மை சூளைக்குப் போகும் முன் உடைந்தால் கவலையில்லை. தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடி கூழாகிவிடும். ஆயிரம் டிகிரிக்கு மேல் ஒருமுறை வெந்துவிட்டால், அப்புறம் எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் மண்ணாகாது. வார்த்தைக்கும் அப்படி ஒரு கொஞ்ச நேரம் இருக்கிறது. முகம் வாடியதைப் பார்த்த அந்த நிமிஷமே, "தப்பாச் சொல்லிட்டேன்ப்பா, மன்னிச்சுக்கோ" என்றால் அது கரைந்துவிடும். அன்றைக்கு அந்த நல்ல மனுஷர் அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால், ஒரு கல்யாணப் பத்திரிகையில் அடைப்புக்குறி இருந்திருக்காது.

சொல்பவராக இருக்கும்போது 'மாத்தி யோசி' சுற்று கைகொடுக்கும். முதலில் வந்த பதில் செல்லாது என்பதுதானே அதன் விதி? முதல் ஜோக்கை விட்டுவிட்டு இரண்டாவது ஜோக்குக்காக ஒரு மூச்சு காத்திருங்கள். பெரும்பாலும் அதுதான் நிஜமாகவே உங்களுடையதாக இருக்கும்.

ஆனால் நாம் அதிகமாக இருப்பது மூன்றாவது ஆளாகத்தான். அடுத்த வாரமே ஒரு கல்யாண வீட்டில், ஆபீஸ் கேன்டீனில், திருப்பிச் சொல்ல முடியாத யார் மேலாவது ஒரு ஜோக் வந்து விழும். எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். சண்டை போட வேண்டாம், உபதேசம் செய்ய வேண்டாம். அந்த ஒரு நிமிஷம் மட்டும் 'சிரிச்சா போச்சு' ஆடிப் பாருங்கள்.